தொட்டிச் செடியைச் சுற்றும் குட்டிக் கொசு: மருந்துக்கு முன்னால் மண்ணைக் காய விடுங்கள்

டீ டம்ளரை வாயருகே கொண்டுபோனால் உள்ளே ஒன்று மிதக்கும். டிவி திரையில் இரண்டு ஊர்ந்துகொண்டிருக்கும். மணி பிளான்ட் தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் ஏழெட்டு எழும்பும். தள்ளாடித் தள்ளாடி ஒரு முழம் பறந்துவிட்டு மறுபடி அதே மண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும். பார்க்கக் கொசு மாதிரியே இருந்தாலும் இது கடிக்காது. பூஞ்சைக் கொசு என்று பெயர். நர்சரியில் கேட்கும்போது ஃபங்கஸ் நேட் என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

வெயிலுக்குப் பேர்போன திருநெல்வேலிச் சீமையில் இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று நானும் நினைத்தவள்தான். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டிகளில் இதைத் தேடினாலும் கிடைக்காது. காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் மேல்மண்ணை விட்டுப் போயிருக்கும். ஐப்பசி பிறந்து மழை இறங்கியதும் கதை மாறிவிடும். சாரல் எட்டுகிற அம்பாசமுத்திரம் பக்கத்து வீடுகளில் ஆனி, ஆடியிலும் இதைப் பார்க்கலாம். வீட்டுக்குள் நிழலில் வைத்த செடிகளுக்கு வருடம் பூராவும் ஆபத்து உண்டு.

நான் பாடம் படித்தது 2023 டிசம்பரில். அந்த மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. தைப் பட்டத்துக்காகப் போட்டிருந்த தக்காளி, மிளகாய் நாற்றுத் தட்டு இரண்டையும், கூடவே பத்துப் பன்னிரண்டு தொட்டிகளையும் வீட்டுக்குள் தூக்கி வைத்தேன். உள்ளே வெயில் இல்லை, காற்று இல்லை. என் கை மட்டும் பழக்கதோஷத்தில் தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தது. சில நாளில் கொசு வந்தது. அப்புறம் நாற்றுகள் ஒவ்வொன்றாகத் தலைசாய்ந்தன. நான் கொசு பேட்டை வைத்துக்கொண்டு படபடவென்று பொரித்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி கடைசியில் வாயைத் திறந்தாள்: “ஏட்டி, பறக்கத அடிச்சு என்ன செய்ய? மண்ணு நசநசன்னு கெடக்கு. பச்சப்புள்ளைக்குப் பால் குடுக்க மாதிரி வேளாவேளைக்கு ஊத்துத. வேரு மூச்சு விட வேண்டாமா?”

ஆச்சிக்கு இந்தப் பூச்சியின் பெயர் தெரியாது. சொன்னது மட்டும் நூற்றுக்கு நூறு சரி. கீழே எழுதியிருக்கும் எல்லா வேலையும் அந்த ஒரு பேச்சுக்குள் அடங்கிவிடும்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது

பறக்கும் பூச்சிக்கு ஆயுசு ஏழு முதல் பத்து நாள்தான். அதற்குள் ஒரு பெண் பூச்சி ஈரமான மேல்மண்ணின் இடுக்குகளில் 200 முட்டை வரை இட்டுவிடும். நாலைந்து நாளில் முட்டை பொரியும். புழு ஏறக்குறைய இரண்டு வாரம் மண்ணுக்குள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, இன்னொரு நாலைந்து நாளில் சிறகோடு வெளியே வரும். 24 டிகிரி வாக்கில் மொத்தம் மூன்று, நான்கு வாரக் கணக்கு. நீங்கள் பேட்டால் பத்தைப் பொரிக்கும் நேரத்தில் மண்ணுக்குள் நூறு தயாராகிக்கொண்டிருக்கும்.

புழு இருப்பது பெரும்பாலும் மேல் இரண்டு அங்குல மண்ணில். அதன் முக்கியச் சாப்பாடு மண்ணில் வளரும் பூஞ்சையும், மட்கிக்கொண்டிருக்கும் இலை, சாணம், நார் எல்லாமும். கூடவே மெல்லிய வேர்த்தூவிகளையும் கடிக்கும். வளர்ந்த குரோட்டன்ஸோ ரோஜாவோ இதைத் தாங்கிக்கொள்ளும். அங்கே நாலு பூச்சி பறப்பதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்றுக்கு இருப்பதே நாலு வேர். அதைக் கடித்த காயத்தின் வழியாக அழுகல் நோய்ப் பூஞ்சையும் உள்ளே போய்விடும். அதனால் நாற்றுத் தட்டு வைத்திருப்பவர்கள் மட்டும் உடனே இறங்க வேண்டும்.

முதலில் ஆளை உறுதி செய்யுங்கள்

வாழைப்பழத் தாரைச் சுற்றுவது பழ ஈ. குண்டு உடம்பு, சிவப்புக் கண். குளியலறைச் சுவரில் ரோமத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது சாக்கடை ஈ. செடியை உலுக்கினால் மாவு தூவியது போல வெள்ளையாக எழும்பினால் அது வெள்ளை ஈ. அதன் வைத்தியம் வேறு, இலையடியில் பார்க்க வேண்டும். நம் ஆள் கறுப்பு, எள்ளைவிடச் சற்று நீளம், கால் நீளமாகத் தொங்கும், மண்ணை விட்டு அதிக தூரம் போகாது.

சந்தேகம் இருந்தால் உருளைக்கிழங்கு வைத்துப் பாருங்கள். தோல் சீவாமல் ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக ஒரு துண்டு நறுக்கி, வெட்டிய பக்கம் மண்ணில் படும்படி லேசாக அழுத்தி வையுங்கள். இரண்டு நாள் தொட வேண்டாம். அப்புறம் மெதுவாகப் புரட்டி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதலில் ஒன்றுமே தெரியாது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் கிழங்கின் ஈரத்தில் கண்ணாடி நூல் மாதிரி ஏதோ நெளியும். அதன் ஒரு முனையில் மட்டும் பேனா மையால் புள்ளி வைத்தது போல ஒரு பளபளப்பான கறுப்புத் தலை. அந்தக் கறுப்புத் தலைதான் அடையாளம். உடம்புக்குள் அது தின்ற மண்கூடச் சில சமயம் கோடாகத் தெரியும். என் மிளகாய்த் தட்டில் வைத்த ஒரு துண்டில் பதினேழு எண்ணினேன். அன்றைக்கு உருளைக்கிழங்குப் பொரியல் இறங்கவில்லை.

புழு ஏறிய துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் துண்டு வைத்தால் புழுவும் கொஞ்சம் குறையும். தூக்கிப் போடுவது என்றால் பக்கத்துத் தொட்டியில் போடுவது இல்லை. பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் வைத்துவிட்டு அப்புறம் குப்பைக்குப் போகட்டும்.

தண்ணீரை நிறுத்துங்கள்

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும், ஆனால் புதிதாகச் செடி வளர்ப்பவர்களால் செய்ய முடியாதது இதுதான். ஆசையாக வாங்கிய செடிக்குத் தண்ணீர் ஊற்றாமல் சும்மா இருக்க மனசு வராது.

ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் ஒரு அங்குலம் விடுங்கள். ஈரம் தட்டினால் செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போங்கள். விரல் காய்ந்து வெளியே வந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டியைத் தூக்கிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். இரண்டு வாரம் தூக்கிப் பார்த்தால் காய்ந்த தொட்டியின் கனம் கைக்குத் தெரிந்துவிடும். நிழலில் இருக்கும் மணி பிளான்ட்டுக்கும் பாம்புக் கற்றாழைக்கும் மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவையே அதிகமாகப் போகலாம். முட்டையும் இளம் புழுவும் காய்ந்த மண்ணில் பிழைக்காது. பெண் பூச்சியும் காய்ந்த மண்ணைத் தேடி வராது.

கோகோபீட், அதாவது தேங்காய் நார்க்கழிவு, சேர்த்த கலவையில் ஒரு சூது இருக்கிறது. மேலே காய்ந்து வெளுத்துத் தெரியும். விரலை விட்டால் உள்ளே பிழிந்தால் சொட்டுகிற ஈரம். கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள்.

நாற்றுகளை அப்படிக் காயப் போட முடியாது. அவற்றுக்கு அடியிலிருந்து தண்ணீர் கொடுங்கள். ஒரு தாம்பாளத்தில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, குழித்தட்டை அதில் இருபது நிமிடம் உட்கார வையுங்கள். வேர் இருக்கும் ஆழம் நனைந்ததும், மேல்மண் கறுக்கத் தொடங்கும் முன்பே எடுத்து வடிய விடுங்கள். எடுத்த பிறகு தாம்பாளத்துத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். தேங்கவிட்டால் நிஜக் கொசு, டெங்கு பரப்பும் அந்தக் கொசுவே, முட்டை இட்டுவிடும். தொட்டிக்குக் கீழே வைக்கும் தட்டுக்கும் இதே சட்டம்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இன்னொரு கவனம் வேண்டும். அடியிலிருந்தே ஊற்றிக்கொண்டிருந்தால் மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும். மாதம் ஒரு தடவை மழைத்தண்ணீரோ குடிதண்ணீரோ மேலிருந்து தாராளமாக ஊற்றிக் கழுவி விடுங்கள்.

அரிசி களைந்த தண்ணீர், டீத்தூள், கடலைப் புண்ணாக்குக் கரைசல், அரைகுறையாக மட்கிய சாணம் இதெல்லாம் ஒரு மாதத்துக்கு வேண்டாம். செடிக்குச் சத்து என்று நாம் ஊற்றுவது புழுவுக்குப் பந்தி விரிக்கிற மாதிரி. வெயிலில் கிடக்கும் கத்தரிக்கும் வெண்டைக்கும் பிறகு ஊற்றிக்கொள்ளலாம். வீட்டுக்குள் இருக்கும் செடிக்கு எப்போதுமே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மஞ்சள் அட்டை

மஞ்சள் நிறம் இந்தப் பூச்சியை இழுக்கும். கடையில் விற்கும் ஒட்டும் அட்டையை வாங்கலாம். வீட்டிலேயே செய்வதென்றால் மஞ்சள் பிளாஸ்டிக் மூடி, பழைய மஞ்சள் ஃபைல் அட்டை ஏதாவது ஒன்றை எடுத்து, பாலித்தீன் உறை மாட்டி, மேலே விளக்கெண்ணெய் தடவுங்கள். மற்ற எண்ணெய் வழிந்துவிடும். விளக்கெண்ணெயின் பிசுபிசுப்புதான் பூச்சியைப் பிடித்து வைக்கும். சிக்கனமாகச் செய்கிறேன் என்று நான் ஒரு மஞ்சப்பையை வெட்டி எண்ணெய் தடவிப் பார்த்தேன். துணி எண்ணெயைக் குடித்துவிட்டு மறுநாள் காய்ந்து நின்றது.

அட்டையைச் செடியின் உச்சியில் கட்ட வேண்டாம். மண்ணை ஒட்டி, படுக்கை வாக்கில் அல்லது ஒரு குச்சியில் செருகித் தாழ்வாக வையுங்கள். வீட்டு அட்டையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை தூசியைத் துடைத்து எண்ணெய் மாற்ற வேண்டும். அட்டை பூச்சியை ஒழித்துவிடும் என்று நினைக்காதீர்கள். அதன் உண்மையான வேலை கணக்குச் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை அட்டையைத் துடைத்து வைத்து, அடுத்த ஞாயிறு வரை துடைக்கும்போதெல்லாம் எண்ணிக் கூட்டிக் காலண்டரில் குறித்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் எண்ணிக்கை குறையாது. மண்ணுக்குள் ஏற்கெனவே கூட்டுப்புழுவாக இருப்பது வந்துதான் தீரும். இந்த இடத்தில்தான் பலரும் “இயற்கை முறை எல்லாம் சும்மா” என்று கைவிட்டு விஷ மருந்தை வாங்கப் போகிறார்கள். மூன்றாவது வாரக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புழுவுக்கு என்ன ஊற்றுவது

வேப்பம்புண்ணாக்கு நம் ஊரில் எந்த உரக்கடையிலும் கிடைக்கும். 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, தண்ணீர் ஊற்ற வேண்டிய நாளில் தண்ணீருக்குப் பதிலாக அதை ஊற்றுங்கள். நாற்றுக்கு இன்னொரு லிட்டர் தண்ணீர் சேர்த்துப் பாதிச் செறிவில் கொடுத்தால் போதும். வாரம் ஒரு தடவை, மூன்று வாரம். புண்ணாக்கைப் பொடியாக மேல்மண்ணில் தூவிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் ஈரத்தில் அது இரண்டே நாளில் வெள்ளைப் பூசணம் பூத்துவிடும். பூசணம்தான் இந்தப் புழுவுக்குப் பிடித்த சாப்பாடு! கரைசலாக ஊற்றுங்கள், அல்லது மண் கலக்கும்போதே உள்ளே கலந்துவிடுங்கள்.

வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மில்லி, நாற்றுக்கு 2 மில்லி. சில சொட்டுச் சோப்புக் கரைசலை முதலில் எண்ணெயோடு அடித்துக் கலந்து, பால் மாதிரி ஆன பிறகு தண்ணீரில் சேர்க்க வேண்டும். சாயங்காலம் ஊற்றுங்கள். வேம்பு உடனே கொல்லாது. புழு சட்டை உரித்து வளர்வதைக் கெடுக்கும், அதனால் பலன் தெரிய நாளாகும்.

புழு அதிகம் என்றால் பிடிஐ (Bti) வாங்கலாம். பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்பது முழுப்பெயர். 1976இல் இஸ்ரேலில் கண்டுபிடித்த ஒரு மண் பாக்டீரியா. கொசுப்புழுவை ஒழிக்கத் தண்ணீரில் விடுவதும் இதைத்தான். புழு இதைத் தின்றால் அதன் குடலுக்குள் நச்சு கரைந்து குடல்சுவரை உடைத்துவிடும். நமக்கும் மண்புழுவுக்கும் தேனீக்கும் ஒன்றும் செய்யாது. டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கலந்து, மேல்மண் நனையும்படி ஊற்றி, வாரம் ஒரு தடவையாக மூன்று தடவை கொடுங்கள். கடையில் கேட்கும்போது மட்டும் உஷாராக இருங்கள். காய்ப்புழுவுக்கு விற்கும் பிடி (Bt) வேறு ரகம், குர்ஸ்டாகி என்று போட்டிருக்கும். அது இந்தப் புழுவை ஒன்றும் செய்யாது. எனக்கு ஒரு கடையில் முதலில் அதைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். நானும் படிக்காமல் வாங்கி வந்து இரண்டு வாரத்தை வீணாக்கினேன்.

ஹைட்ரஜன் பெராக்சைடு பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பட்ட புழு செத்துவிடும். ஆனால் மண்ணில் இருக்கும் நல்ல நுண்ணுயிரும் சேர்ந்து போகும். வேறு வழியில்லை என்றால் 3 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் நாலு பங்கு. மெடிக்கலில் 6 சதவீதமும் விற்பதால் லேபிளைப் பாருங்கள். அதற்கு ஒன்பது பங்கு தண்ணீர் வேண்டும். அழுகல் நோயைத் தடுக்க விற்கும் நல்ல நுண்ணுயிர்களான டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போட்ட மண்ணில் இதை ஊற்றினால் போட்ட காசு தண்டம்.

பட்டைப் பொடி, மஞ்சள் தூள், கற்பூரம் ஆகியவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. புகையிலைத் தண்ணீரை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். நிகோடின் மனிதருக்கும் விஷம். புகையிலையில் இருக்கும் தேமல் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றவும் வாய்ப்பு உண்டு. இலையிலிருந்து வந்தது என்பதால் எல்லாம் சாதுவாகிவிடாது.

மேலே மணல்

பெரிய தொட்டிகளுக்கு இது பிரமாதமான வழி. மேல்மண்ணை ஒரு அங்குலம் வழித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கரடுமுரடான மணலை ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு நிரவுங்கள். மணல் சீக்கிரம் காய்ந்துவிடும். பூச்சிக்கு முட்டையிட ஈர இடுக்கு கிடைக்காது. ஆற்று மணல் கிடைப்பது குதிரைக்கொம்பு. எம்-சாண்ட் போதும், ஆனால் அதில் இருக்கும் மாவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் கொட்டிவிடுங்கள். இல்லையென்றால் சிமென்ட் பூசியது போல இறுகிவிடும். உவரிக்குப் போனபோது கடற்கரையில் அள்ளி வந்தது இருக்கிறது என்றால் அதைப் பிள்ளைகள் விளையாட வைத்துக்கொள்ளுங்கள், செடிக்கு உப்பு ஆகாது.

நாற்றுத் தட்டைக் காப்பாற்றுவது

தண்டின் அடி நூல் மாதிரி இளைத்துச் சாய்ந்த நாற்றை நிமிர்த்தி வைக்க முயல வேண்டாம். அந்தக் குழியின் மண்ணோடு சேர்த்துத் தோண்டி எடுத்துவிடுங்கள். மீதியைக் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். வெளியே மழை என்றால் மேஜை விசிறியைக் குறைந்த வேகத்தில் தட்டின் மேலாக ஓடவிடுங்கள். இந்தப் பூச்சிக்குச் சிறகில் பலம் கிடையாது, காற்றில் மண்ணுக்கு வந்து இறங்கத் திணறும். மண்ணும் காயும்.

மறுபடி விதைக்கும்போது கோகோபீட் கட்டியைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்காமல் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். உள்ளே இருக்கும் முட்டையும் பூசணமும் அதோடு முடிந்துவிடும். நன்றாக ஆறிய பிறகு பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வரும் ஈரத்தில் நிரப்புங்கள். டிரைக்கோடெர்மா விரிடி கிலோ விதைக்கு 4 கிராம் என்பது விவசாயிகளுக்குச் சொல்லும் கணக்கு. நம் பத்து கிராம் விதைக்கு ஒரு சிட்டிகை போட்டுப் புரட்டினால் சரி. விதைத்த தட்டை மூடி வைக்கலாம், ஆனால் முதல் முளை தலைகாட்டிய அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும்.

மண்புழு உரம் வாங்கினால் முகர்ந்து பாருங்கள். புதுமழை மண் வாசம் வந்தால் மட்கியது; சாண நெடி வந்தால் இன்னும் ஆகவில்லை. எனக்கு ஒரு மூட்டையோடு இந்தப் பூச்சி வந்தே இருக்கிறது. இப்போதெல்லாம் புது மூட்டையிலிருந்து இரண்டு கை எடுத்து, நனைத்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, சிறு மஞ்சள் அட்டை ஒன்றை உள்ளே தொங்கவிட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி மூன்று வாரம் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் ஒட்டவில்லை என்றால் மூட்டையைப் பிரிப்பது. புதிதாக வாங்கிய செடிக்கும் அதே மூன்று வாரம் தனி இடம். பழைய கலவையைத் தூக்கி எறிய வேண்டாம். சித்திரை வெயிலில் நனைத்துக் கறுப்புப் பாலித்தீன் பைக்குள் கட்டி நாலு வாரம் மொட்டைமாடியில் கிடத்தினால் மறுபடி உபயோகிக்கலாம்.

அந்த மார்கழியில் எனக்குத் தக்காளி பாதிக்கு மேல் போயிற்று, மிளகாய் முக்கால்வாசி தப்பியது. அட்டைக் கணக்கு முதல் ஞாயிறு 64, அடுத்த ஞாயிறு 71, அப்புறம் 30, அப்புறம் 9. தை மாதம் நாற்றைத் தொட்டியில் நடும் நாளில் கடைசியாக வைத்த உருளைக்கிழங்குத் துண்டு இரண்டு நாள் கழித்தும் சுத்தமாக வந்தது. ஆச்சி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல கெழங்க இப்படி நறுக்கி நறுக்கி மண்ணுல வைக்காளே” என்றாள். ஜன்னல் ஓரத்துத் தொட்டியில் ஒரு அட்டையை மட்டும் இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிறேன். ஐப்பசி தொடங்கும்போது எண்ணெய் மாற்றிவிடுவேன்.